ஏத்தனுக்கு ஒரு பாகம்

களக்காட்டில் யாரையாவது நிறுத்தி, நிலாவைக் காட்டி, "அங்கே என்ன தெரிகிறது?" என்று கேட்டால் முயல் என்று சொல்ல மாட்டார்கள். "எங்க ஏத்தன் நிக்குல்லா!" என்பார்கள். சொல்லும்போது முகம் மலரும். கூடவே லேசாக ஒரு கூச்சமும் வரும். ஏனென்றால் ஏத்தன் நிற்க வேண்டிய வண்டி அல்ல. ஓட வேண்டிய வண்டி.

ஏத்தன் வாழைப்பழத்தின் மஞ்சள் நிறம், முதுகில் அதே மாதிரி ஒரு சின்ன வளைவு, ஆறு சக்கரம்; பெயர் வந்ததும் அதனால்தான். நிலாவின் தென்முனைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஊர்களின் வண்டிகள் திரிகின்றன. அதில் ஏத்தனும் ஒன்று. முதலில் அங்கே ஆளில்லாமல் தானே ஓடும் தானோட்டி வண்டிகளைத்தான் அனுப்பிப் பார்த்தார்கள். பூமியில் சாலை சாலையாகப் பிடித்துக்கொண்ட அந்தத் தானோட்டிகள், நிலாவில் ஒவ்வொரு நிழலையும் பாதாளம் என்று நினைத்து மிரண்டு நின்றுவிட்டன. அதற்கப்புறம்தான் 'ஊருக்கொரு நிலாவண்டி' என்று திட்டம் வந்தது. மனிதர்களே ஓட்டட்டும், வாயால் சொல்லிச் சொல்லி ஓட்டட்டும் என்று முடிவாயிற்று. முதல் கட்டத்தில் தெற்குச் சீமைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வண்டி. அது களக்காட்டுக்கு வந்தது.

ஓட்டுவதற்கு எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது போகக் கிடங்கில் தங்கிப்போன பழைய மேஜைக் கம்ப்யூட்டர்கள். காசுள்ள ஊர் முந்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்தார்கள்: வருஷத்துக்கு ஒரே ஒரு பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு விதியும் உண்டு. வருஷக் கடைசியில் எல்லா வண்டிகளும் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வர வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை கடைசியாக வரும் வண்டியை வேறொரு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

ஏத்தன் இரண்டு தடவை கடைசி.

அதை ஓட்டுகிறவள் உலகம்மை. மாவடி வழியாகத் திருக்குறுங்குடி போகும் மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவள். தானோட்டி பஸ் வந்த அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டு இறங்கினாள். அதற்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சோறு பொங்கும்போது கரண்டியைக்கூடக் கியர் மாதிரி தட்டித் தட்டிப் போடுவாள். நிலாவண்டிக்கு ஆள் எடுத்தபோது ஊரில் பலர் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குழியிலும் இறங்காமல் ஓட்டியவள் அவள் ஒருத்திதான். வாழை மண்டி மாடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "கெளம்புவமா ராசா" என்று அவள் சொல்லும்போது, கீழே வாழைத்தார் இறக்குகிறவர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது ஓட்டத்துக்கு நாள் நெருங்கியபோது அந்த மாடியில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் மூன்று பேர்: மண்டி முதலாளியும் நிலாவண்டிக் கமிட்டித் தலைவருமான செல்லத்தங்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் இசக்கிதுரை, உலகம்மை. இசக்கிதுரை அவளுக்குக் கொழுந்தன்.

"கிராபிக்ஸ் கார்டு போடுவோம்லே" என்றார் செல்லத்தங்கம். "போன தடவ ஊரே கீழ பெரிய திரையில பாத்துது. நிலா, மாவு சலிச்சுக் கொட்டுன மாதிரி மங்கலாத் தெரிஞ்சுது. என் மானமே போச்சு."

"அண்ணாச்சி, படம் பளிச்சுன்னு தெரிஞ்சா வண்டி ஓடிருமா?" என்றான் இசக்கிதுரை. "நாம கடசியா வாரது இன்னும் தெளிவாத் தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப நீயே சொல்லுடே. மொத வருசம் ஹார்டு டிஸ்க்குன்ன. மாத்துனோம். போன வருசம் பிராசஸர்ன்ன. மாத்துனோம். ரெண்டு தடவையும் ஒன் பேச்சத்தான கேட்டோம்?"

இசக்கிதுரை தலையைச் சொறிந்தான். "அது எல்லாரும் மாத்துதாவன்னு மாத்துனது அண்ணாச்சி. இந்தத் தடவ அளந்து பாத்துட்டு மாத்துவோம். எந்தப் பாகம் மூச்சு முட்டுது, எது சும்மா உக்காந்திருக்குன்னு பாத்தாத்தான் தெரியும்."

"எல்லாம் ஒரே பொட்டிக்குள்ள கெடக்கு. அதுல எது சும்மா உக்காரும்?"

அதற்கு உலகம்மைதான் பதில் சொன்னாள். "எங்க பஸ்ஸுல புது எஞ்சின் மாத்துனாவ அண்ணாச்சி. சும்மா குதிர மாதிரி இழுத்துது. ஆனா கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த ஸ்டாப்பு வந்துரும். அவன் முடிக்கட்டும்னு நான் நிப்பாட்டிக்கிட்டுக் கெடப்பேன். எஞ்சின் உறுமிக்கிட்டுச் சும்மா நிக்கும். அங்க மாத்த வேண்டியது எஞ்சினையா, கண்டக்டரையா?"

"அதேதான் மயினி!" என்று இசக்கிதுரை மேஜையைத் தட்டினான். "இந்தப் பொட்டிக்குள்ள அந்தக் கண்டக்டர் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

மறுநாள் அவன் கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தான். ஒன்றில், ஒவ்வொரு பாகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று கோடுகள் ஏறி இறங்கின. இன்னொன்றில் ஏத்தனின் படம், உறுப்பு உறுப்பாக. எந்த உறுப்பு அசைகிறதோ அதில் பச்சை விளக்கு எரியும்; சிலவற்றுக்கு மணியும் அடிக்கும். ஆனால் இரண்டையும் திறந்துவைத்தால் கம்ப்யூட்டர் திணறியது. அதனால் படத்தையும் மணியையும் சேர்த்துச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டான். அங்கேதான் பிழை நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

உலகம்மை ஓட்டத் தொடங்கினாள். இங்கே சொன்ன சொல் அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு ஆகும். படம் திரும்பி வர இன்னொரு மூச்சு. அந்த இடைவெளிக்கு அவள் வாய் பழகியிருந்தது.

"நேர போ. நேர போ. வலது கொஞ்சம். ஆங், அப்படித்தான்."

வெளிச்சத்தில் ஏத்தன் நன்றாகவே போயிற்று. கோடுகள் எல்லாம் பாதியில் சமர்த்தாக நின்றன. முன்னால் ஒரு பாறை; அதன் பின்னால் மை கொட்டிய மாதிரி நிழல். மற்ற ஊர் வண்டிகள் அந்த மாதிரி இடங்களில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போகும். உலகம்மைக்கு அந்தச் சுற்று பிடிக்காது. மாவடி ரோட்டில் மழை இருட்டிலும் பஸ்ஸை இறக்கி ஏற்றியவள். குறுக்கே விட்டாள்.

"பைய... பைய... எம் ராசா, பைய..."

ஏத்தன் நின்றது.

"பாத்தியளா மயினி!" இசக்கிதுரை குதித்தான். "மெமரி! மெமரி உச்சிக்குப் போயிட்டு! மத்ததெல்லாம் கைகட்டிக்கிட்டு நிக்கு. இதுதான் நம்ம கண்டக்டரு!"

பொது லைனில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லா ஊர் ஓட்டுநர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள அந்த லைன். கோபிசெட்டிபாளையம் வண்டியை ஓட்டும் செங்கோடன் அதில் எப்போதும் இருப்பார்.

"ஏனுங்க அக்கா, ஏத்தன் மறுபடியும் நின்னுபோச்சுங்களா? இன்னும் காயாவே இருக்குதாட்ட இருக்குதுங்க. பழுக்கறக்கு நாளாகுமுங்களா?"

"பழுத்தா மொதல்ல ஒமக்குத்தான் ஒரு சீப்பு அனுப்புவேன் அண்ணாச்சி. தோலுரிச்சுத் திங்கத் தயாரா இருங்க" என்றாள் உலகம்மை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

மெமரி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த சமயத்தில் சென்னையிலிருந்து நிரஞ்சனா வந்தாள். நிலாவண்டி அலுவலகத்தின் பொறியாளர். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அவள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிபியுவைத் திறந்து பார்த்தாள். செல்லத்தங்கம் ஒரு தட்டு நிறைய ஏத்தங்காய்ச் சிப்ஸ் கொண்டுவந்து வைத்தார். அவள் கூச்சப்படாமல் அள்ளித் தின்றாள். உலகம்மைக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"மெமரிதான்னு நல்லா அளந்திருக்கீங்க" என்றாள் நிரஞ்சனா. "ஆனா ஒரு சந்தேகம். இதே பெட்டி, இதே மெமரிதான் மத்த பதினொரு ஊர்லயும் இருக்கு. அங்க முட்டலையே. நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

உலகம்மை எழுந்து இடம் கொடுத்தாள். நிரஞ்சனா அதே பாறை, அதே நிழலுக்கு வண்டியை விட்டாள். "மெதுவாகப் போ. மெதுவாக. இடது." ஏத்தன் நிற்காமல் நிழலுக்குள் போய், நிற்காமல் மறுபக்கம் வந்தது. கோடு பாதியைத் தாண்டவே இல்லை. இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போதும் நிற்கவில்லை.

மறுபடி உலகம்மை உட்கார்ந்தாள். அதே நிழல். ஏத்தன் நின்றது. கோடு உச்சிக்குப் போயிற்று.

கீழே யாரோ தார் எண்ணும் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் நிரஞ்சனா. "நீங்க பேசும்போது மட்டும் அது திணறுது. குரலா, வேகமா, என்னன்னு புரியல. நம்ம விதியில பாகம்னா பெட்டிக்குள்ள இருக்கிறது மட்டும் இல்ல. வண்டியை நடத்துற எதுவும் பாகம்தான். ஓட்டுநரும்..."

நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

செல்லத்தங்கம் சிப்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கிதுரைதான் கத்தினான். "அதெப்படி? மயினி என்ன, கழட்டி மாட்டுத சாமானா?"

"சத்தம் போடாத" என்றாள் உலகம்மை. எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். "வண்டி ஊருல இருக்கணும். அதுதான முக்கியம்? நாற்காலி சூடா இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு யாரையாச்சும் உக்கார வைங்க."

படியிறங்கிப் போனாள். மண்டிக்குள் தார்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பச்சை வாடை மூக்கில் ஏறிற்று. கண்டக்டரை மாற்ற வேண்டும் என்று தானே வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. யார் கண்டக்டர் என்று இப்போது தெரிந்துவிட்டது. முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, தனக்குப் பதிலாக ஏறியது ஒரு மெஷின் என்றாவது நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது மெஷினே தன்னை வேண்டாம் என்கிறதே! அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. அதற்குள் முதுகுக்கு வைக்கும் தலையணையை மேலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அவள் கையால் தைத்த தலையணை. அடுத்து உட்காருகிறவர்கள் அதில் சாயப்போவதை நினைக்கவே பொறுக்கவில்லை. மறுபடி படியேறினாள்.

உள்ளே இசக்கிதுரை விடாப்பிடியாக இருந்தான். மெமரி பொருந்துகிற இடத்தில் தூசி அடைத்திருக்கும், அதனால்தான் முட்டுகிறது, மயினியால் இல்லை என்று சிபியுவை மேஜையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். அணைக்காமலே. பின்னால் வயர்கள் இழுபட்டன. சுருக்கி வைத்திருந்த ஏத்தன் படத்தை நிரஞ்சனா அப்போதுதான் பெரிதாக்கி, ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற உலகம்மை பதறினாள். "ஏய், வயரு! வயரு! பைய! பைய எறக்கு!"

டொங் என்று ஒரு சத்தம். திரையில் ஏத்தனின் வயிற்றுப் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. கீழே எழுத்து ஓடியது: மாதிரிப் பை திறக்கப்படுகிறது.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

"மயினி," என்றான் இசக்கிதுரை, சிபியுவைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இப்ப என்ன சொன்னிய?"

"வயருன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"பைய எறக்குன்னேன்."

டொங். மாதிரிப் பை ஏற்கனவே திறந்திருக்கிறது.

"'பைய'ன்னா என்ன?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

"பையன்னா பையதான்! அவசரப்படாமப் போறது" என்றார் செல்லத்தங்கம். டொங். அவர் திடுக்கிட்டுப் பின்னால் ஒரு எட்டு வைத்தார்.

"மெதுவா-ங்கிற அர்த்தமா?" நிரஞ்சனாவின் கண்கள் விரிந்தன. "ஐயோ! இது அதை 'பையை'ன்னு எடுத்துக்குது. 'பையை... பையை... போ'! வண்டிக்கு வயித்துக்கு அடியில மண் அள்ளிப் போடற பை ஒண்ணு இருக்கு. அதைத் திறக்கச் சொல்றீங்கன்னு நினைச்சு, நின்னு, பையைத் திறந்து, ஒரு வாய் மண் அள்ளிப் போட்டு, உள்ள இருக்கறதையெல்லாம் படம் எடுத்து இங்க அனுப்புது. ஒவ்வொரு படமும் ஒரு வாழைத்தார் கனம். மெமரி முட்டாம என்ன செய்யும்?"

"யம்மா!" உலகம்மை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பையன்னு சொன்னா அது நிக்கு. சொன்ன பேச்சு கேக்குத பிள்ளன்னுலா நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

டொங்.

முதலில் சிரித்தது செல்லத்தங்கம். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இசக்கிதுரை சிபியுவோடு சேர்ந்து ஆடினான். நிரஞ்சனா சிப்ஸ் புரைக்கேறிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர்களைப் பார்த்து உலகம்மையும் சிரித்தாள். அவள் கண்ணிலும் நீர் வந்தது. அது எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப விஷயம் சுலபம்" என்றாள் நிரஞ்சனா, தண்ணீர் குடித்துவிட்டு. "பாகமே மாத்த வேண்டாம். நீங்க 'மெதுவா'ன்னு சொல்லுங்க. போதும்."

உலகம்மை உட்கார்ந்தாள். தலையணையைச் சரிசெய்துகொண்டாள். நல்ல வெளிச்சத்தில், "மெதுவா, மெதுவா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஏத்தன் அழகாகப் போயிற்று. பள்ளத்தின் விளிம்பு வந்தது. சக்கரம் ஒரு பக்கம் சறுக்கிற்று. "மெது... ஏய், பைய பைய பைய!"

டொங்.

"அது மூளையில இருந்து வாரதில்ல தாயீ" என்றாள் அவள். "பயம் வந்தா வயித்துல இருந்து வருது. இத்தன வயசுக்கு மேல வயித்துக்கு எப்படிப் பாடம் நடத்த?"

"எனக்கு இன்னொரு சந்தேகம்" என்றான் இசக்கிதுரை. "ரெண்டு வருசமா மயினி 'பைய'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காவ. அப்ப அந்தப் பைக்குள்ள இப்ப என்னதான் கெடக்கு?"

"என்ன கெடக்கும்? மண்ணுதான்" என்றார் செல்லத்தங்கம்.

நிரஞ்சனா, கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் யாரும் திறந்து பார்க்காமல் அடைந்து கிடந்த அந்தப் படங்களைத் தன் லேப்டாப்புக்கு மாற்றினாள். ஒன்றைத் திறந்தாள். சாம்பல் மண். இன்னொன்று. சாம்பல் மண். மூன்றாவதில், மண்ணின் ஓரத்தில் கல் உப்பு தூவின மாதிரி ஏதோ மினுங்கிற்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று திறந்துகொண்டே போனாள். மினுக்கம் கூடிக்கொண்டே வந்தது.

"அக்கா," என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எந்த மாதிரி இடத்துல நீங்க அந்த வார்த்தையைச் சொல்லுவீங்க?"

"இருட்டு கெடக்குத எடத்துலதான். வெளிச்சத்துல என்னத்துக்குப் பயம்?"

"மத்தவங்க எல்லாரும் நிழலைச் சுத்திப் போறாங்க. தானோட்டி நிழலைப் பாத்தாலே நின்னுடும். நீங்க மட்டும் உள்ள போயிருக்கீங்க. போயி, ஒவ்வொரு நிழல்லயும் ஒரு வாய் அள்ளிட்டு வந்திருக்கீங்க." நிரஞ்சனா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். "வெயிலே படாத இடம் அதெல்லாம். இது உப்பு இல்ல. பனிக்கட்டி. பை பிளாஸ்க் மாதிரி, சூடு உள்ள போகாது, அதான் அப்படியே இருக்கு. அங்க இருக்கும்னு எல்லாரும் சொல்லிட்டே இருந்தோம். அள்ளி எடுத்தவங்க யாரும் இல்ல."

"பனிக்கட்டின்னா..." செல்லத்தங்கம் இழுத்தார். "தண்ணியா?"

"தண்ணிதான்."

"நிலாவுல தண்ணி கோரினது நம்ம ஏத்தனா?"

அவர் ஜன்னலுக்குப் போய்க் கீழே தலையை நீட்டி மண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே அப்புறம் ஞாபகமில்லை. தார் எண்ணிக்கொண்டிருந்தவர் கணக்கை விட்டுவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

நிரஞ்சனா உலகம்மையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நான் சரியாத்தான் அளந்தேன் அக்கா. யாரு பேசினா மூச்சு முட்டுதுன்னு பாத்தேன். ஏன் முட்டுதுன்னு பாக்காமலே நாற்காலியைக் கை காட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அந்தப் பேச்சு கெடக்கு, சவத்த விடும்மா. நீ கை காட்டலன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். எந்திரிக்கலன்னா தலையணைக்கு வந்திருக்க மாட்டேன்." அவள் நிரஞ்சனாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "இப்ப எந்தப் பாகத்த மாத்துவோம், அதச் சொல்லு."

"மெமரியைத்தான். உங்க பேச்சை மாத்த வேண்டாம். உங்க பேச்சைத் தாங்கற மாதிரி பெட்டியை மாத்துவோம். எத்தனை தடவை சொன்னாலும் மூச்சு முட்டாம வாங்கிக்கணும். 'பைய'ன்னா வேகத்தையும் குறைக்கணும், ஓடிக்கிட்டே பையையும் திறக்கணும்னு எல்லா வண்டிக்கும் நான் பாடம் எழுதி அனுப்பறேன். அது ஒரு ஊருக்கு மட்டும் இல்ல, அதனால விதியில வராது."

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லாருமே இனிமே நிழலுக்குள்ள போகணும் அக்கா. போனா இந்த ஒரு வார்த்தையைச் சொல்லணும்."

இசக்கிதுரை அன்றைக்கே புது மெமரியைக் கொண்டுவந்தான். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சைப் பட்டை. ஊர்ப்பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். செல்லத்தங்கம் அதற்குச் சந்தனம் வைக்கப் போனார். இசக்கிதுரை கையைப் பிடித்துத் தடுத்தான். "அண்ணாச்சி, மெமரிக்கு வச்சா மொத்தப் பொட்டியும் போயிரும். வேணும்னா டப்பாவுக்கு வைங்க." டப்பாவுக்கு வைத்தார்கள்.

ஓட்டத்து நாளன்று மண்டி வாசலில் பெரிய திரை கட்டினார்கள். நிலா அப்போதும் மாவு சலித்த மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மாடியில் உலகம்மை மைக்கைத் தட்டினாள்.

"கெளம்புவமா ராசா."

வண்டிகள் புறப்பட்டன. வெளிச்சத்தில் எல்லாம் ஏத்தனை முந்திக்கொண்டு போயின. அது எதிர்பார்த்ததுதான். முதல் பெரிய நிழல் வந்தது. உலகம்மை மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பைய... பைய..."

டொங், டொங் என்று பை திறந்து மூடிற்று. சக்கரம் நிற்கவில்லை. கோடு ஏறியது, பாதிக்குமேல் போயிற்று, அங்கேயே நின்றது. இசக்கிதுரை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். கீழே திரைக்கு முன்னால் ஊரே சேர்ந்து, "பைய! பைய!" என்று கத்தத் தொடங்கிற்று. தேர் இழுக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் முன்னால் பத்து வண்டிகள் தூரத்துப் புள்ளியாகப் போய்விட்டிருந்தன. பக்கத்தில் கோபி வண்டி ஒன்றுதான். ஒரே ஒரு வண்டியை முந்தினால் போதும். முந்தாவிட்டால் ஏத்தன் களக்காட்டு வண்டி இல்லை.

கடைசி நிழல். அதுவரை நிழல்களைச் சுற்றியே வந்த கோபி வண்டி இதில் முன்னால் நுழைந்தது. நுழைந்தவுடனே நின்றது. மேலேயிருந்த கேமரா அங்கும் இங்கும் திரும்பிற்று.

பொது லைனில் செங்கோடனின் குரல் பதறியது. "ஏனுங்க அக்கா! இந்த வண்டிக்கு என்னங்க ஆச்சு? நானும் நீங்க சொன்னாப்புலயேதானுங்க சொல்றேன். 'பையங்க, பையங்க'ன்னு! இது என்னடான்னா, 'பையன்கள் எவரும் தென்படவில்லை'ன்னு சொல்லிப்போட்டுத் தேடிக்கிட்டே நிக்குதுங்க!"

உலகம்மையின் வாய்வரை சிரிப்பு வந்துவிட்டது. இசக்கிதுரை வேண்டாம், சொல்லாதீங்க என்று கையாட்டினான். அவள் ஒரு மூச்சு யோசித்தாள். பனி அவர் வண்டிக்கு அடியிலும்தானே கிடக்கிறது.

"அண்ணாச்சி, அந்த 'ங்க'வக் கழட்டிப் போட்டுட்டுச் சொல்லுங்க. வெறும் பைய. அவ்வளவுதான்."

"வெறுமனே எப்படிங்க சொல்றது? மொட்டையா இருக்குமுங்களே!"

"வண்டிகிட்டதான சொல்லுதிய? மரியாத பாக்காதிய!"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "பைய..." என்றார் செங்கோடன், யாரையோ திட்டிவிட்டவர் மாதிரிச் சின்னக் குரலில். அப்புறம் பொறுக்க முடியாமல், "மன்னிச்சுக்குங்க" என்று சேர்த்தார்.

கொஞ்சம் நகர்ந்த வண்டி மறுபடி நின்றது. யாரை மன்னிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

ஏத்தன் அதன் பக்கத்தில் மஞ்சளாக உரசிக்கொண்டு முன்னால் போயிற்று. பை திறந்து மூடிற்று. நிழலைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கப்புறம் ரோடு நேர்தான்.

கடைசிக்கு முந்தின இடம்! முதலிடம் வந்த ஊரில்கூட அப்படி வெடி போட்டிருக்க மாட்டார்கள். செல்லத்தங்கம் மண்டியில் இருந்த தாரையெல்லாம் அறுத்து வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்தார். மாடியில் உலகம்மை மைக்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

செங்கோடனின் வண்டி அரைமணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் பதற்றமும் போய்விட்டிருந்தது. பொது லைனில் வந்தார். "அக்கா, எங்க பெட்டியிலயும் ஏதோ பலவீனம் இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. அடுத்த வருசம் எந்தப் பாகத்த மாத்தோணும்னு உங்க கொழுந்தனக் கேட்டுச் சொல்லுங்க."

"ஒங்க பேச்ச மாத்தாதிய அண்ணாச்சி" என்றாள் உலகம்மை. "ஒங்க மரியாதையத் தாங்குத மாதிரி ஒரு மெமரி வாங்கிப் போடுங்க. சீப்பு அனுப்புதேன்னு சொன்னேன்ல? நாளைக்கு வரும். பழுத்துட்டு."

"ரொம்ப சந்தோசமுங்க. இந்தப் பக்கம் ஒருக்கா வந்துட்டுத்தான் போறதுங்களே!"

"வாரேன், வாரேன். அவசரம் என்ன? பைய வாரேன்."

டொங் என்று நிலாவில் ஒரு பை திறந்தது.